மல்யுத்த வீரர், சூப்பர் ஹீரோ உருவப் பொம்மைகள்: சேகரிப்பும் மதிப்புரை மரபும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு சிறுவர் விளையாட்டுப் பொருளாக அறிமுகமான 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்னும் உருவப் பொம்மை, பிற்காலத்தில் வளர்ந்தோரின் சேகரிப்புப் பொருளாகவும் ஆனது. சேகரிப்பு வளர்ந்தபோது பொம்மைகளை விவரித்து மதிப்பிடும் எழுத்து வகையொன்றும் உடன் வளர்ந்தது. மல்யுத்த வீரரின் பொம்மைக்கு மூலமாக அமைவது உயிருள்ள ஒருவரின் உடல். சூப்பர் ஹீரோவின் பொம்மைக்கு மூலமாக அமைவது ஓவியரின் கோடு. இவ்வேறுபாடு 'ஒப்புமை' என்னும் அளவுகோலை எவ்வாறு இரண்டாகப் பிரிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பொம்மையை அறிய உறையைத் திறக்க வேண்டும், அதன் விலையைக் காக்க உறையை மூடியே வைக்க வேண்டும் என்னும் முரணில் மதிப்புரை பெறும் இடமும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உருவப் பொம்மை, தொழில்முறை மல்யுத்தம், சூப்பர் ஹீரோ, சேகரிப்பு, மதிப்புரை, ஒப்புமை

முன்னுரை

பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'மித்தாலஜிஸ்' என்னும் நூலில் மல்யுத்தத்தைப் பற்றி ஒரு கட்டுரையும் விளையாட்டுப் பொருள்களைப் பற்றி ஒரு கட்டுரையும் இடம்பெற்றுள்ளன. மல்யுத்தத்தைப் போட்டியாகப் பாராமல் நிகழ்த்துகலையாகப் பார்க்க வேண்டும் என்பது முதற்கட்டுரையின் கருத்து. அங்கு வீரரின் உடலே அவர் ஏற்ற பாத்திரத்தை அரங்குக்கு அறிவித்துவிடுகிறது. இரண்டாம் கட்டுரை, பெரியோர் உலகத்தின் சிற்றுருவங்களாகவே பொம்மைகள் செய்யப்படுவதைக் குறை கூறுகிறது. ஒரே நூலுள் தனித்தனியே நின்ற இவ்விரு பொருள்களும் கால் நூற்றாண்டுக்குப் பின் ஒரே கடைத்தட்டில் இணைந்தன. மல்யுத்த வீரரின் உடல் பொம்மையாக வார்க்கப்பட்டு, சூப்பர் ஹீரோ பொம்மைகளின் அருகில் விற்பனைக்கு வந்தது.

இவ்விரு வகைகளையும் இணைத்து நோக்குவதற்குக் காரணங்கள் உள. இரண்டிலும் இறுகிய உடையும் பெருத்த தசையும் நன்மை தீமை மோதலும் உண்டு. 1962இல் வெளிவந்த முதற்கதையில் ஸ்பைடர்மேன் தன் ஆற்றலைப் பொதுமக்கள் முன் சோதித்துப் பார்க்கும் இடம் மல்யுத்த மேடையே. ஹல்க் ஹோகன் என்னும் வீரரின் பெயரில் இருந்த 'ஹல்க்' என்னும் சொல்லின் பயன்பாட்டுக்காக, 1980களில் மார்வல் நிறுவனத்தோடு உரிம உடன்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது. இத்துணை நெருக்கம் இருந்தும், இவற்றை மதிப்பிடுவோர் இரண்டுக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துவதில்லை. அதற்கான காரணத்தைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் வகைப்பாடும்

தமிழில் 'பொம்மை' என்னும் சொல் பரந்த பொருளுடையது. மனித உருவம், விலங்குருவம், விளையாட்டு வண்டி ஆகிய அனைத்தையும் வழக்கில் அது குறிக்கும். மனித உருவத்தை மட்டும் சுட்டப் 'பாவை' என்னும் பழஞ்சொல் உண்டு. மகளிர் மணலில் செய்து விளையாடிய வண்டற்பாவை சங்க அகப்பாடல்களில் இடம்பெறுகிறது. ஆங்கிலத்திலோ பாவையைக் குறிக்கும் 'டால்' என்னும் சொல் பெண்குழந்தைகளின் விளையாட்டோடு இறுகப் பிணைந்துவிட்டது. எனவே, 1964இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 'ஜி.ஐ. ஜோ' என்னும் போர்வீரர் பொம்மையைச் சிறுவர்களுக்கென வெளியிட்டபோது, அச்சொல்லைத் தவிர்த்து 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்னும் புதுத்தொடரை வழங்கியது. ஏறத்தாழ 12 அங்குல உயரமும் மாற்றிப் போடத்தக்க துணியுடையும் கொண்டிருந்த அப்பொம்மை அமைப்பில் பாவையை ஒத்ததே. பெயர்தான் அதனை வேறுபடுத்தியது.

இப்பெயர் வேறுபாடு பின்னர் நீதிமன்றத்திலும் பேசப்பட்டது. அமெரிக்க இறக்குமதி வரிப் பட்டியலில் மனிதரை மட்டும் குறிக்கும் உருவங்கள் 'பாவை' எனவும், விலங்கு முதலிய மனிதரல்லாத உயிர்களின் உருவங்கள் 'விளையாட்டுப் பொருள்' எனவும் பிரிக்கப்பட்டிருந்தன. முன்னதற்கு வரி 12 விழுக்காடு, பின்னதற்கு 6.8 விழுக்காடு. டாய் பிஸ் நிறுவனம் தான் இறக்குமதி செய்த 'எக்ஸ்-மென்' முதலிய பொம்மைகள் மனித உருவங்கள் அல்ல என வாதிட்டது. 2003இல் அமெரிக்கப் பன்னாட்டு வணிக நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றது. எக்ஸ்-மென் கதைகளின் மையக் கருத்தோ, பிறவியிலேயே வேறுபட்ட ஆற்றல் பெற்றோரும் மனிதரே என்பதாகும். கதைக்கு ஒரு விடையும் வரிக்கு ஒரு விடையுமாக அமைந்த இத்தீர்ப்பு, பொம்மையின் வகையை அதன் மூலமே முடிவு செய்கிறது என்பதைத் தெளிவாக்குகிறது. இதே அளவுகோலை மல்யுத்த வீரரின் பொம்மைக்குப் பொருத்தினால், அஃது ஐயத்திற்கிடமின்றி மனித உருவமே ஆகும்.

வரலாற்றுச் சுருக்கம்

சூப்பர் ஹீரோ பொம்மைகளை நீண்ட தொடராக நிலைநிறுத்தியது மீகோ நிறுவனம். 1972 முதல் அது வெளியிட்ட 8 அங்குலப் பொம்மைகள் துணியுடை அணிந்தவை. ஒரே உடலமைப்புக்கு வெவ்வேறு தலையும் உடையும் பொருத்தி, பல பாத்திரங்களைக் குறைந்த செலவில் உருவாக்கியமை அதன் உத்தி. 1978இல் கென்னர் நிறுவனத்தின் 'ஸ்டார் வார்ஸ்' பொம்மைகள் 3¾ அங்குல அளவைப் பரவலாக்கின. 1984இல் கென்னரின் 'சூப்பர் பவர்ஸ்' தொடரும் மேட்டலின் 'சீக்ரெட் வார்ஸ்' தொடரும் ஒன்றோடொன்று போட்டியிட்டன.

மல்யுத்தப் பொம்மைகளின் பெருந்தொடக்கமும் 1984ஆம் ஆண்டே. எல்.ஜே.என். நிறுவனம் டபிள்யூ.டபிள்யூ.எஃப். வீரர்களை ஏறத்தாழ 8 அங்குல உயரத்தில் திண்மையான ரப்பரில் வார்த்தது. ஹல்க் ஹோகன், ஆந்த்ரே தி ஜயன்ட், ராடி பைப்பர் முதலியோர் முதல் தொடரில் இடம்பெற்றனர். இவற்றில் மூட்டுகள் இல்லை. வார்ப்பில் அமைந்த நிலையே இறுதி நிலை. 1990 முதல் 1994 வரை ஹாஸ்ப்ரோ வெளியிட்டவை ஏறத்தாழ 4½ அங்குலம் உடையவை. ஒவ்வொன்றினுள்ளும் சுருள்வில் பொருத்தி, வீரருக்குரிய ஒரு தாக்குதலைச் செய்யுமாறு அமைத்தனர். 1996இல் ஜாக்ஸ் பசிஃபிக் நிறுவனம், மூட்டை வளைத்தால் எலும்பு நொறுங்குவது போன்ற ஒலி எழும் பொம்மைகளை வெளியிட்டது. 2010 முதல் டபிள்யூ.டபிள்யூ.இ. பொம்மைகளை மேட்டல் வெளியிட்டு வருகிறது.

இதற்கிடையே பொம்மைகளை வாங்குவோரும் மாறினர். 1994இல் டாட் மெக்ஃபார்லேன் தொடங்கிய நிறுவனம் நுண்வேலைப்பாடு மிக்க வார்ப்புகளால் வளர்ந்த வாசகரை ஈர்த்தது. 2002இல் டாய் பிஸ் தொடங்கிய 'மார்வல் லெஜண்ட்ஸ்' தொடர், ஏறத்தாழ 6 அங்குல உயரத்தில் மிகுதியான மூட்டுகளை அமைத்து, ஒவ்வொன்றுடனும் ஒரு காமிக்ஸ் இதழையும் இணைத்துத் தந்தது. 1997 முதல் 2011 வரை வெளிவந்த 'டாய்ஃபேர்' இதழ் விலைப்பட்டியல், செய்தி, மதிப்புரை ஆகியவற்றை ஒருங்கே தந்து, சேகரிப்போர்க்கெனப் பொதுக் கலைச்சொற்கள் பரவ உதவியது. பின்னர் அப்பணி இணையத்திற்கும் காணொளிக்கும் இடம்பெயர்ந்தது.

மதிப்புரையின் உறுப்புகள்

உருவப் பொம்மை மதிப்புரைகள் பெரும்பாலும் ஒரு நிலையான வரிசையைப் பின்பற்றுகின்றன: உறை, வார்ப்பு, வண்ணப்பூச்சு, மூட்டு, துணைப்பொருள், அளவு விகிதம், விலை. இவ்வரிசை, கடையில் பொம்மையைக் கையில் எடுப்பது முதல் வீட்டுத் தட்டில் நிறுத்துவது வரை வாங்குபவர் பெறும் பட்டறிவின் வரிசையே ஆகும்.

வார்ப்பை மதிப்பிடுவோர் முதலில் தேடுவது மறுபயன்பாட்டை. ஊசிவார்ப்புக்கு வேண்டிய எஃகு அச்சு பெருஞ்செலவு பிடிப்பது. ஆதலின் ஒரே மார்புப் பகுதியும் காலும் பல பாத்திரங்களுக்குப் பயன்படுத்தப்படுகின்றன. முந்தைய எந்தப் பொம்மையின் உடல் இது என்பதைத் தேர்ந்த மதிப்புரையாளர் நோக்கிய அளவில் கண்டுகொள்வர். மறுபயன்பாடு தன்னளவில் குறையன்று. மெலிந்த வீரருக்குப் பருத்த உடலைப் பொருத்தும்போதுதான் அது குறையாகிறது.

மூட்டுக்கும் வார்ப்புக்கும் இடையே எப்போதும் ஓர் இழுபறி உண்டு. முழங்கையில் இரட்டை மூட்டு வைத்தால் கை தோளைத் தொடுமளவுக்கு மடங்கும். ஆனால் தசையின் ஓட்டம் வெட்டுண்டு காணப்படும். மூட்டுகளைக் குறைத்தால் சிலையழகு கூடும், அசைவு குறையும். மல்யுத்தப் பொம்மையில் இவ்விழுபறி கூர்மையாகிறது. சூப்பர் ஹீரோ தனித்து நின்று தன் நிலையைக் காட்டினால் போதும். மல்யுத்த வீரரோ மற்றொருவரைத் தூக்கவும் பிடிக்கவும் வேண்டும். எனவே மூட்டு தளர்ந்திருக்கிறதா என்பதை அறிய, மதிப்புரையாளர் இரண்டு பொம்மைகளை ஒரு பிடியில் பொருத்தி, அந்நிலை நிற்கிறதா எனச் சோதிக்கின்றனர். மல்யுத்தம் இருவர் சேர்ந்து நிகழ்த்தும் கலை என்பதை இச்சோதனை உணர்த்துகிறது.

ஒப்புமை: இருவகை மூலங்கள்

மதிப்புரையின் இறுதி முடிவை மிகுதியும் தாங்கி நிற்பது ஒப்புமையே. இவ்விடத்தில்தான் இருவகைப் பொம்மைகளும் பிரிகின்றன.

சூப்பர் ஹீரோவுக்கு ஒற்றை மூலம் கிடையாது. வோல்வரின் என்னும் பாத்திரத்திற்கு மஞ்சளும் நீலமுமான உடையும் உண்டு. 1980இல் ஜான் பர்ன் வரைந்த பழுப்பு நிற உடையும் உண்டு. ஒவ்வோர் ஓவியரும் அதே பாத்திரத்தின் தாடையையும் தோளையும் வேறு விதமாக வரைந்துள்ளனர். ஆகவே மதிப்புரையாளர் எழுப்பும் வினா, 'இஃது எவருடைய வோல்வரின்?' என்பதாகும். பல ஓவியரின் கூறுகளைக் கலந்து எவர் கோட்டையும் ஒத்திராத பொம்மை குறையுடையதாகக் கருதப்படுகிறது. இரு பரிமாணத்தில் வரையப்பட்ட முகத்திற்கு மூன்றாம் பரிமாணத்தைத் தருவது சிற்பியின் விளக்கவுரை எனலாம். மதிப்புரை அவ்விளக்கத்தின் பொருத்தத்தை ஆராய்கிறது.

மல்யுத்த வீரருக்கு மூலம் ஒன்றே. ஆனால் அது காலத்தால் மாறுவது. முடி உதிர்கிறது, உடல் பருக்கிறது, உடை மாறுகிறது, பாத்திரமே மாறுகிறது. அண்டர்டேக்கர் என்னும் வீரர் தொடக்க ஆண்டுகளில் சாம்பல் நிறக் கையுறையும் 1994 அளவில் ஊதா நிறக் கையுறையும் அணிந்தார். ஸ்டிங் என்னும் வீரர் பளிச்சிடும் வண்ணங்களைக் கைவிட்டு, வெள்ளை முகப்பூச்சும் கறுப்பு மேலங்கியும் கொண்ட தோற்றத்தை 1990களின் பிற்பகுதியில் ஏற்றார். எனவே இங்கு எழுப்பப்படும் வினா, 'இஃது எந்த நாள்?' என்பதாகும். ஒரு குறிப்பிட்ட போட்டியில் அணிந்த காலணியின் கோடு, முழங்கால் உறையின் நிறம் ஆகியவற்றை மதிப்புரையாளர் நிகழ்ச்சிப் பதிவோடு ஒப்பிடுகின்றனர். கையுறை ஓர் ஆண்டினதாகவும் முடி வேறோர் ஆண்டினதாகவும் இருப்பின், பொம்மை அழகாக இருந்தும் பிழையுடையதாகிறது. சுருங்கக் கூறின், சூப்பர் ஹீரோ பொம்மை ஓவியரின் பெயரால் அளக்கப்படுகிறது; மல்யுத்தப் பொம்மை நாளால் அளக்கப்படுகிறது.

உயரமும் அறிவிப்பும்

இவ்வேறுபாட்டை எண்ணளவில் காட்டுவது உயரமாகும். 1:12 என்னும் விகிதத்தில் 6 அடி மனிதர் 6 அங்குலப் பொம்மையாவார். காமிக்ஸ் குறிப்புகளின்படி வோல்வரினின் உயரம் 5 அடி 3 அங்குலம். அதாவது 160 செ.மீ. அவ்விகிதத்தில் பொம்மை 13.3 செ.மீ. இருத்தல் வேண்டும். பொதுவான உடல் அச்சைப் பயன்படுத்தியதால் அதைவிட உயர்ந்து நின்ற வோல்வரின் பொம்மைகளை மதிப்புரையாளர் பலர் கண்டித்துள்ளனர். இங்குக் கணக்கு எளிது. கற்பனைப் பாத்திரத்தின் உயரம் குறிப்பேட்டில் எழுதப்பட்டதே, அதற்கு அப்பால் வேறு உண்மை இல்லை.

மல்யுத்தத்தில் அவ்வாறன்று. ஆந்த்ரே தி ஜயன்ட் 7 அடி 4 அங்குலம் என மேடையில் அறிவிக்கப்பட்டவர். அதன்படி 1:12 பொம்மை ஏறத்தாழ 18.6 செ.மீ. இருக்க வேண்டும். ஆனால் தொழில்முறை மல்யுத்தத்தில் அறிவிக்கப்படும் உயரமும் எடையும் பாத்திரத்தின் பகுதிகள். அவை மிகைப்படுத்தப்படுவது வழக்கம். தமிழகத்தில் 1990களில் பள்ளிச் சிறுவரிடையே புழங்கிய மல்யுத்த 'டிரம்ப் கார்டு' சீட்டுகளும் உயரம், எடை போன்ற எண்களைக் கொண்டே ஆடப்பட்டன; அவ்வாட்டத்தில் எண் மெய்யா என எவரும் வினவவில்லை. பொம்மை மதிப்புரையாளரோ வினவியாக வேண்டும். பொம்மை மேடை அறிவிப்பைப் பின்பற்ற வேண்டுமா, அளவுநாடாவைப் பின்பற்ற வேண்டுமா? தட்டில் அருகருகே நிற்கும் இருவரின் உயர வேறுபாடு, தொலைக்காட்சியில் கண்ட வேறுபாட்டை ஒத்திருந்தால் போதும் என்பதே நடைமுறைத் தீர்வு. தனி அளவைவிட ஒப்பளவே இங்கு முதன்மை பெறுகிறது.

மூலத்தின் வாழ்வும் பொம்மையின் பொருளும்

மூலம் உயிருள்ள மனிதராக இருப்பதன் மிகக் கடுமையான விளைவு, அம்மனிதரின் செயல் பொம்மையின் பொருளை மாற்றிவிடுவதாகும். 2007 ஜூனில் கிறிஸ் பென்வா என்னும் வீரர் தம் மனைவியையும் மகனையும் கொன்று தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனம் அவர் தொடர்பான பொருள்களை விற்பனையிலிருந்து விலக்கியது. ஆயினும் முன்னரே விற்கப்பட்ட பொம்மைகள் வீடுகளில் இருந்தன. வார்ப்பும் வண்ணமும் மூட்டும் முன்பிருந்தவாறே இருந்தும், அவற்றை முன்போல மதிப்பிட இயலாத நிலை தோன்றியது. தட்டிலிருந்து அகற்றுவதா, தொடரின் முழுமைக்காக வைத்திருப்பதா என்பது சேகரிப்போர் ஒவ்வொருவரும் தமக்குள் விடை காண வேண்டிய அறவினா ஆயிற்று. மதிப்புரையின் ஏழு உறுப்புகளுள் எதுவும் இவ்வினாவுக்கு இடம் தரவில்லை என்பது எண்ணத்தக்கது. சூப்பர் ஹீரோ கதையில் கொலைகாரனாகலாம். அடுத்த கதையில் அது மாற்றப்படலாம். மனிதரின் செயலுக்கு மறுபதிப்பு இல்லை.

உறையைத் திறத்தலும் மூடிவைத்தலும்

அட்டையில் ஒட்டிய நெகிழிக் குமிழுள் பொம்மை இருக்கும் நிலை 'உறை பிரியாதது' எனப்படும். சந்தையில் பெரும்பாலும் இதற்கே உயர்விலை. ஹாஸ்ப்ரோ மல்யுத்தத் தொடரின் இறுதியில், 1994இல், பச்சை அட்டையில் வந்தவை குறைந்த அளவிலேயே கடைகளை அடைந்தமையால் இன்று அரியனவாக மதிக்கப்படுகின்றன. அட்டையின் முனை மடிப்பு, குமிழின் மஞ்சள் நிறம் ஆகியவையும் விலையைக் குறைக்கும். இந்நிலையில் விலை பெறுவது பொம்மை மட்டுமன்று. எவரும் அதனோடு விளையாடவில்லை என்பதற்கான சான்றும் விலை பெறுகிறது.

மதிப்புரைக்கோ உறையைத் திறந்தே ஆக வேண்டும். மூட்டின் இறுக்கத்தையும் முதுகின் வண்ணத்தையும் குமிழுக்கு வெளியிலிருந்து அறிய இயலாது. ஆகவே ஒவ்வொரு மதிப்புரையும் ஒரு பொம்மையின் சந்தை மதிப்பைச் செலவிட்டு, பிறருக்கான அறிவைப் பெறுகிறது. திறக்காமல் வைத்திருப்போரும் தாம் வைத்திருப்பது யாது என்பதைத் திறந்தவரின் எழுத்தின்வழியே அறிகின்றனர்.

உற்பத்தி நிறுவனங்கள் இம்முரணைத் தம் போக்கில் கையாண்டுள்ளன. 2005இல் டாய் பிஸ், கேலக்டஸ் என்னும் பேருருவின் உறுப்புகளைப் பிரித்து ஒரு தொடரின் பல உறைகளில் வைத்தது. அனைத்தையும் வாங்கித் திறப்பவருக்கே பேருரு முழுமையாகும். மூடிவைப்பவருக்கு அஃது உறுப்புகளாகவே எஞ்சும். 2022 அளவில் ஹாஸ்ப்ரோ நெகிழியைக் குறைக்கும் நோக்கில், பொம்மை வெளித்தெரியாத அட்டைப் பெட்டிகளை அறிமுகப்படுத்தியது. முகத்தின் வண்ணப்பூச்சைக் கடையிலேயே கண்டு தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வாங்குவோர் இழந்தனர். எதிர்ப்புக்குப் பின் சாளரப் பெட்டிகள் திரும்பின. சுற்றுச்சூழல் நோக்கில் ஏற்கத்தக்க மாற்றமொன்று, ஒப்புமையை நேரில் சரிபார்க்கும் வழக்கத்தோடு மோதிய நிகழ்வாக இதனைக் கருதலாம்.

மதிப்புரையின் எல்லைகள்

மதிப்புரை பெரும்பாலும் பொம்மை விற்பனைக்கு வந்த நாளையொட்டி எழுதப்படுகிறது. பொம்மையின் வாழ்வோ பல பத்தாண்டுகள் நீள்வது. மென்மையான பி.வி.சி. நெகிழியில் கலந்துள்ள இளக்கிகள் காலப்போக்கில் மேற்பரப்புக்குக் கசிந்து பிசுபிசுப்பை உண்டாக்கும், மெல்லிய கணுக்கால் வெப்பத்தில் வளையும், எல்.ஜே.என். பொம்மைகளின் மூக்கிலும் முழங்காலிலும் வண்ணம் தேய்ந்துபோகும். இவற்றை முதல்நாள் மதிப்புரை கூற இயலாது. ஐந்தாண்டோ பத்தாண்டோ கழித்து எழுதப்படும் மறுமதிப்புரைகள் அரியனவாயினும் சேகரிப்போர்க்கு மிகுந்த பயனுடையவை.

நடுநிலையும் ஒரு சிக்கலே. நிறுவனங்கள் இலவசமாக அனுப்பும் பொம்மைகளைக் கொண்டு எழுதுவோர் உளர். 2009இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், பரிந்துரைகள் பற்றிய தன் வழிகாட்டு நெறிகளைத் திருத்தி, இலவசமாகப் பெற்ற பொருளைப் பற்றி எழுதுவோர் அதனை வெளிப்படுத்த வேண்டும் என அறிவித்தது. வெளிப்படுத்தல் நடுநிலையை உறுதி செய்யாது. வாசகர் எடைபோட வழி செய்யும்.

முடிவுரை

உருவப் பொம்மை மதிப்புரை நுகர்வோர் வழிகாட்டியாகத் தோன்றினும், ஒப்புமை என்னும் பழைய கலைச்சிக்கலை அன்றாட நிலையில் ஆராயும் எழுத்தாகவும் அமைகிறது. சூப்பர் ஹீரோ பொம்மையில் அது பல பாடங்களுள் ஒன்றைத் தேர்ந்து நோக்கும் பாட ஒப்பீட்டை ஒத்தது. மல்யுத்தப் பொம்மையில் ஒருவரின் வாழ்நாளுள் ஒரு நாளைத் தேர்ந்து நோக்கும் வாழ்க்கை வரலாற்றை ஒத்தது. முன்னதில் பிழை நேர்ந்தால் ஓவியரின் கோடு பிறழும்; பின்னதில் பிழை நேர்ந்தால் காலம் பிறழும். விலை உயர உறையை மூடிவைக்கச் சொல்லும் சந்தையின் நடுவே, திறந்து பார்த்து எழுதுவோரின் பதிவுகளே இப்பொம்மைகள் எத்தகையன என்பதற்கு எஞ்சும் சான்றுகள். அவற்றுள் பல காணொளிகளாகவும் இணையக் குறிப்புகளாகவும் சிதறிக் கிடப்பதால், பொருள்சார் பண்பாட்டை ஆராய்வோர் அவற்றைத் தொகுத்துக் காப்பது இன்றியமையாததாகிறது.